கடைக் கணினிக்கு நானே எழுதிக் கொடுத்த "மூடு" கருவி

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் தெரிந்த அக்கா ஒருவர் கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறார். போட்டோக்கொப்பி, ஸ்கான், ஒன்லைன் விண்ணப்பங்கள், கலியாணக் காட், கண்ணீர் அஞ்சலி, செத்தவரின் நினைவாக 31ஆம் நாளுக்கு அடிக்கும் கல்வெட்டுப் புத்தகம் என்று எல்லா வேலையும் ஒரே கணினியில்தான் நடக்கிறது. பின்னேரமானால் அது ஸ்டக் ஆகி நின்றுவிடும். அந்தக் கணினிக்காக, உறைந்துபோன புரோகிராம்களை ஒழுங்காக மூடவும், சேர்ந்துபோன குப்பையைப் பார்த்து அகற்றவும் ஒரு சின்னக் கருவியை நானே எழுதிக் கொடுத்தேன். என்ன செய்தேன், ஏன் அப்படிச் செய்தேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். இதே மாதிரிக் கடைகள் கொழும்பில் நிறைய இருக்கின்றன, யாருக்காவது உதவும்.

கணினி பழையது. இன்டெல் ஐ3 நான்காம் தலைமுறை, 4 ஜிபி ரேம், சுழலும் 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. விண்டோஸ் 11 இதில் முறைப்படி ஏறாது, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. புதிது வாங்கத்தான் வேண்டும் என்று அக்காவுக்கும் தெரியும். ஆனால் அதுவரை கடை ஓட வேண்டும் அல்லவா.

எதையும் தொடுவதற்கு முன்னால் ஹார்ட் டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்த்தேன். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்க் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் பதிவுகளை எடுத்துக் காட்டும். அதில் பழுதான இடங்களையும் சந்தேகமான இடங்களையும் எண்ணும் ரீலொகேட்டட் செக்டர், பெண்டிங் செக்டர் என்ற இரண்டு வரிகளும் சுழியமாக இருந்தால் மனசுக்கு ஆறுதல். இங்கே சுழியம்தான் இருந்தது. அங்கே எண்கள் ஏறியிருந்தால் வேறு ஒன்றும் செய்யாமல் முதலில் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்குக்குக் கொப்பி எடுக்க வேண்டும். சாகப் போகிற டிஸ்க்கில் சுத்தம் செய்யும் வேலையைத் தொடங்கினால், அந்த வேலையே அதற்கு எமனாகிவிடும்.

கணினியில் ஏற்கனவே "ஒரே கிளிக்கில் சுத்தம்" வகையைச் சேர்ந்த ஒரு மென்பொருள் இருந்தது. யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மூலையில் ஒரு வட்டமான மீட்டர், அதை அழுத்தினால் ரேம் குறைவதாகக் காட்டும், "தேவையற்ற" புரோகிராம்களையும் மூடும். அதை அழுத்திவிட்டு டாஸ்க் மேனேஜரைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ரேம் பாவனை உண்மையாகவே இறங்கியது. ஆனால் அடுத்த நொடியில் கல்வெட்டு வேலை திறந்திருந்த விண்டோவைக் கிளிக் செய்ததும், டிஸ்க் என்ற பத்தி 100 சதவீதத்துக்குப் போய் அங்கேயே நின்றது. மவுஸ் நகர்ந்தது, வேறொன்றும் நகரவில்லை.

இதன் காரணம் சிக்கலானது இல்லை. இந்த வகைப் பொத்தான்கள் பெரும்பாலும் செய்வது, ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு புரோகிராமிடமும் அது கையில் வைத்திருக்கும் நினைவகப் பக்கங்களைப் பிடுங்கி விடுவதுதான். அதில் சில பக்கங்கள் ரேமிலேயே ஒதுங்கி நிற்கும், சில, ரேமிலிருந்து வெளியேற்றியதை வைக்க ஹார்ட் டிஸ்க்கில் உள்ள பேஜ் ஃபைலுக்குப் போய்விடும். மேசையில் விரித்து வைத்து வேலை செய்துகொண்டிருந்த கடதாசிகளை வாரி அலுமாரிக்குள் போட்டுவிட்டு, பார் மேசை எவ்வளவு வெறுமையாக இருக்கிறது என்று சொல்வது மாதிரி. வேலையைத் தொடர வேண்டுமென்றால் அவ்வளவையும் திரும்ப எடுக்க வேண்டும், எடுக்க வேண்டிய இடம் சுழலும் டிஸ்க்.

அதைவிடப் பெரிய சேதம் அந்த மூடும் வேலையில் நடந்தது. அக்கா கல்வெட்டுகளைப் பாமினி எழுத்துருவில், ஒரு பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் அடிப்பார். அதில் தானாகச் சேமிக்கும் வசதி இல்லை. ஒரு நாள் கணினி இழுக்கிறது என்று கடையில் நிற்கும் தம்பி அந்த வட்டத்தை அழுத்த, திறந்திருந்த கல்வெட்டு கேள்வி கேட்காமலே மூடிப்போனது. "அந்தப் பக்கங்களைத் திரும்ப அடிச்சு முடிக்க விடிஞ்சு போச்சு தம்பி, அந்த வீட்டுக்காரருக்கு நான் என்ன சொல்லுறது" என்றார். 31ஆம் நாளைத் தள்ளிப்போட முடியாது. செத்தவரின் பிள்ளைகள் ஊரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் அனுப்பிய படங்களும் வரிகளும் அதில் இருந்தன. இதைக் கேட்ட பிறகுதான் அந்தக் கணினியை வெறுமனே துடைத்துக் கொடுத்தால் போதாது, மூடுகிற வேலையை ஒழுங்காகச் செய்யும் ஒன்றை வைக்க வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

விண்டோஸில் ஒரு புரோகிராமை முடிக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. முதலாவது, அதன் விண்டோவுக்கு "மூடு" என்று ஒரு செய்தி அனுப்புவது. மேல் மூலையில் உள்ள எக்ஸ் குறியை அழுத்தினால் நடப்பதும் இதேதான். புரோகிராம் அந்தச் செய்தியை வாங்கி, சேமிக்காத வேலை இருந்தால் "சேமிக்கவா" என்று கேட்டு, திறந்து வைத்த ஃபைல்களை முறையாக மூடிவிட்டுப் போகும். இரண்டாவது, புரோகிராமிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விண்டோஸே அதை அந்த இடத்தில் நிறுத்துவது. அப்போது அந்தப் புரோகிராமின் ஒரு வரிக் குறியீடுகூட இனி ஓடாது, சேமிக்கிற பேச்சே இல்லை. எக்ஸ்பி காலத்து டாஸ்க் மேனேஜரில் இந்த இரண்டும் இரண்டு தாவல்களில் வெவ்வேறு பொத்தான்களாக இருந்தன. அப்ளிகேஷன்ஸ் தாவலில் "எண்ட் டாஸ்க்" முதலில் கேட்டுப் பார்க்கும், புரொசஸஸ் தாவலில் "எண்ட் புரொசஸ்" கேட்காமல் முடிக்கும். கட்டளை வரியில் உள்ள டாஸ்க்கில் கட்டளையும் அப்படியே: சாதாரணமாகக் கொடுத்தால் மூடச் சொல்லும், கூடவே சாய்கோடு போட்டு எஃப் என்று சேர்த்தால் பலவந்தமாக நிறுத்தும். அந்த ஒரே கிளிக் மென்பொருள் இரண்டாவதை மட்டுமே செய்தது என்பது, சேமிக்கவா என்ற கேள்வியே வராததில் தெரிந்துவிட்டது.

சரி, முதலில் அதை நீக்கினேன். நீக்கிய பிறகும் லொகின் செய்தவுடன் ஏதோ ஒன்று ஓடியது. இதைப் பிடிக்க, தானாகத் தொடங்கும் எல்லாவற்றையும் பட்டியலிடும் ஓட்டோரன்ஸ் போல நல்ல கருவி வேறு இல்லை. மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் கொக்ஸ்வெல்லும் 1996இல் தொடங்கிய சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் அது ஒன்று, 2006இல் மைக்ரோசொஃப்ட் அந்த நிறுவனத்தை வாங்கியது, இன்றும் இலவசம். டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் தாவல் காட்டாத இடங்களையும் அது காட்டும். நான் தேடியது டாஸ்க் ஷெடியூலருக்குள் இருந்தது, நீக்கிய மென்பொருள் விட்டுப்போன ஒரு வேலை. அதை எடுத்துவிட்டு, பிரிண்டர் "உதவியாளர்", ஃபோன் இணைப்பு மென்பொருள், இரண்டு அப்டேட்டர் எல்லாவற்றையும் டிக் எடுத்து விட்டேன். டிக் எடுப்பது போதும், அழிக்கத் தேவையில்லை, வேண்டுமென்றால் திரும்பப் போடலாம்.

விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்யவில்லையா என்று தம்பி கேட்டான். இல்லை. ரெஜிஸ்ட்ரியில் கிடக்கும் பழைய வரிகளால் கணினி மெதுவாவதில்லை, ரெஜிஸ்ட்ரி கிளீனர்களைப் பாவிப்பதை மைக்ரோசொஃப்ட்டும் ஆதரிப்பதில்லை. நிர்வாகி உரிமை கேட்கும் இப்படியான மென்பொருள்களை உள்ளே விடுவது சின்ன விஷயமும் இல்லை. 2017இல் சிகிளீனர் என்ற பிரபலமான சுத்தம் செய்யும் மென்பொருளின் 5.33 பதிப்புக்குள் யாரோ தீநிரலைச் செருகி, அது அதிகாரபூர்வ டவுன்லோட் வழியாகவே இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. உலகமெல்லாம் நம்பிய மென்பொருளுக்கே அந்தக் கதி. வாடிக்கையாளரின் அடையாள அட்டைப் பிரதிகள் கிடக்கும் ஒரு கணினியில் எதை நிறுவுகிறோம் என்பதில் நான் இறுக்கமாகத்தான் இருப்பேன்.

இன்னொரு விஷயம். ஒவ்வொரு இரவும் கணினியை ஷட்டவுன் செய்துவிட்டுத்தான் கடை பூட்டுகிறார்கள். ஆனால் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபோமன்ஸ் தாவலின் சிபியு பக்கத்தில் "அப் டைம்" வாரக் கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. இது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பின் வேலை. விண்டோஸ் 8இலிருந்து, ஷட்டவுன் செய்தால் விண்டோஸின் மையப் பகுதியான கேர்னலையும், சாதனங்களை இயக்கும் டிரைவர்களையும் டிஸ்க்கில் எழுதி வைத்து காலையில் அதையே எடுத்து ஓட்டும். ஆகவே டிரைவரில் சிக்கிய ஒன்று மறுநாளும் சிக்கியபடியே வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்து விடலாம், ஆனால் சுழலும் டிஸ்க்கில் காலையில் திறக்க நேரம் எடுக்கும், ஆட்கள் வந்து நிற்பார்கள். அதனால் அதை அப்படியே விட்டுவிட்டு, பூட்டுவதற்கு முன் அழுத்த ஒரு "முழுதாக நிறுத்து" பொத்தானைக் கருவியில் வைத்தேன். ஷட்டவுன் கட்டளையைச் சாய்கோடு எஸ் உடன் கொடுத்தால் அந்த எழுதி வைக்கும் வேலை இல்லாமல் உண்மையாகவே நிற்கும். வார முடிவில் அதை அழுத்தச் சொல்லியிருக்கிறேன்.

இனி கருவி. கொஞ்ச வரி பாட்ச் ஃபைலில் முடித்துவிடலாம் என்றுதான் தொடங்கினேன். பிரச்சினை தமிழ். கடையில் நிற்கிற எல்லாரும் வாசித்து விளங்க வேண்டுமென்றால் செய்திகள் தமிழில் இருக்க வேண்டும், ஆனால் விண்டோஸ் 10இன் கறுப்புக் கட்டளைத் திரையில் தமிழ் பெட்டி பெட்டியாகத்தான் வரும். குறியீட்டுப் பக்கத்தை யூனிகோடுக்கான 65001 என்று மாற்றினாலும் எழுத்துகள் ஒழுங்காகச் சேராது. ஆகவே விண்டோஸின் இன்னொரு கட்டளை மொழியான பவர்ஷெல். விண்டோஸ் 10உடன் பவர்ஷெல் 5.1 கூடவே வருகிறது, அதிலிருந்து சாதாரண விண்டோ, பொத்தான், செய்திப் பெட்டி எல்லாம் செய்யலாம், தமிழ் நிர்மலா யூஐ எழுத்துருவில் வடிவாக வரும். ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள்: ஸ்கிரிப்ட் ஃபைலை யூடிஎஃப்-8 வித் பொம் என்று சேமிக்க வேண்டும். பொம் என்பது ஃபைலின் தொடக்கத்தில் அதன் குறியீட்டைச் சொல்லும் அடையாளம், அது இல்லாவிட்டால் பவர்ஷெல் 5.1 அதைப் பழைய குறியீடாக எடுத்துக்கொண்டு, எழுதிய தமிழ் முழுவதையும் கிறுக்கலாகக் காட்டும். நோட்பேடிலேயே சேமிக்கும்போது கீழே இதைத் தெரிவு செய்யலாம். அப்புறம், சாதாரண விண்டோஸில் பவர்ஷெல் ஸ்கிரிப்ட் இரட்டைக் கிளிக்கில் ஓடாது, ஓட விடாதபடிதான் இயல்பாக இருக்கும். ஒரு ஷார்ட்கட் செய்து அதற்குள், ஸ்கிரிப்டை ஓட விடுவதா என்று தீர்மானிக்கும் எக்ஸிகியூஷன் பொலிசியை அந்த ஒரு ஃபைலுக்கு மட்டும் பைபாஸ் செய்யச் சொல்லிக் கொடுத்தால் போதும், கணினி முழுக்கத் திறந்துவிடத் தேவையில்லை.

திறந்தால் ஒரு பட்டியல் வரும். விண்டோ உள்ள புரோகிராம்கள் மட்டும், விண்டோவின் தலைப்புடன், ரேம் எவ்வளவு, பதில் சொல்கிறதா இல்லையா என்று. விண்டோ இல்லாதவற்றைக் காட்டாததற்குக் காரணம் உண்டு. விண்டோஸின் உள்வேலைகளைப் பார்க்கும் புரொசஸ்கள் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன, சிலவற்றை நிறுத்தினால் நீலத் திரைதான். தமிழ் டைப்பிங்குக்கான கீபோர்ட் மென்பொருளும் விண்டோ இல்லாமல் மூலையில்தான் இருக்கும், அதையும் யாரும் தெரியாமல் மூடக் கூடாது. எக்ஸ்புளோரரை நானே விலக்கி வைத்தேன், அது போனால் டாஸ்க்பாரும் போய்விடும், கடையில் பதறிப்போவார்கள்.

"மூடு" என்பதை அழுத்தினால் நடப்பது இது. பவர்ஷெல்லின் கெட்-புரொசஸ் தரும் ஒவ்வொன்றிடமும் குளோஸ்-மெயின்-விண்டோ என்ற ஒரு வசதி இருக்கிறது. அது மூடச் சொல்லும் செய்தியை மட்டும் அனுப்பும். அனுப்ப முடிந்தால் ஆம், முடியாவிட்டால் இல்லை என்று சொல்லும். அந்த "இல்லை" எனக்கு இவ்வளவு உதவும் என்று முதலில் எதிர்பார்க்கவில்லை. பிரதான விண்டோவின் மேல் ஏதாவது ஒரு பெட்டி, பிரிண்ட் பெட்டியோ சேமிக்கவா என்ற கேள்வியோ, திறந்து பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தால் பிரதான விண்டோ முடக்கப்பட்டிருக்கும், அப்போதும் "இல்லை" என்றுதான் வரும். கடையில் "ஸ்டக் ஆகிட்டுது" என்று என்னைக் கூப்பிட்ட நேரங்களில் அடிக்கடி கண்டது இதைத்தான்: கேள்விப் பெட்டி ஒன்று பிரவுசருக்குப் பின்னால் மறைந்து கிடக்கிறது, முன்னால் இருக்கிற விண்டோ எந்தக் கிளிக்குக்கும் அசையவில்லை. புரோகிராம் நல்லாத்தான் இருக்கிறது, பதிலுக்குக் காத்துக்கொண்டிருக்கிறது. இந்த நேரத்தில் நிறுத்தினால் அநியாயமாக வேலை போகும். ஆகவே "இல்லை" என்று வந்தால் கருவி அந்தப் புரோகிராமை முன்னால் கொண்டுவந்து "இது உங்களிடம் ஏதோ கேட்கிறது, பாருங்கள்" என்று சொல்லிவிட்டு ஒதுங்கும். நிறுத்து என்ற தெரிவையே அப்போது காட்டாது.

மூடச் சொல்லியும் மூடாமல், ஆனால் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் அது சேமிக்கவா என்று கேட்டுக்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அதற்கும் அதே செய்தி. பதிலே சொல்லாவிட்டால்தான் சங்கடம். ஒரு விண்டோ தனக்கு வரும் செய்திகளை 5 செக்கன் எடுக்காமல் இருந்தால் விண்டோஸ் அதை "நொட் ரெஸ்பொண்டிங்" என்று முத்திரை குத்தி வெளிறிய ஒரு பிரதியை மேலே காட்டும். 5 செக்கன் என்பது இந்தப் பழைய கணினிக்கு ஒன்றுமே இல்லை, படம் நிறைந்த கல்வெட்டை பிடிஎஃப் ஆக்கும்போது அதைவிட நேரம் எடுக்கும். அதனால் கருவி, அந்தப் புரோகிராம் இதுவரை செலவழித்த சிபியு நேரத்தை ஒரு முறை குறித்துக்கொண்டு, கொஞ்ச நேரம் விட்டுத் திரும்பப் பார்க்கும். ஏறியிருந்தால் உள்ளே வேலை நடக்கிறது, "இன்னும் வேலை செய்கிறது, பொறுங்கள்" என்று சொல்லும். ஏறாவிட்டாலும் உடனே முடிவெடுக்காது. டிஸ்க் 100 சதவீதத்தில் திணறும்போது சிபியு நேரம் ஏறாமலே ஒரு புரோகிராம் காத்திருக்க முடியும். டிஸ்க் ஓய்ந்திருக்கிறது, சிபியு நேரமும் அசையவில்லை, ஒரு நிமிடமாகப் பதிலும் இல்லை என்ற மூன்றும் சேர்ந்தால்தான் "சேமிக்காதது போய்விடும், நிறுத்தவா" என்று கேட்கும். அந்தக் கேள்வியில் இயல்பாகத் தெரிவாகியிருப்பது "வேண்டாம்". என்டரைத் தவறுதலாகத் தட்டினாலும் ஒன்றும் ஆகாது.

எழுதுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. காத்திருக்கும் வேலைக்கு வெயிட்-ஃபொர்-எக்ஸிட்டையோ ஸ்லீப்பையோ பொத்தானுக்குள் நேரடியாக வைத்தால், அது முடியும்வரை உங்கள் விண்டோவே செய்திகளை எடுக்காது, அதுவும் உறைந்த புரோகிராம் ஆகிவிடும். ஃபோர்ம்ஸில் உள்ள டைமரை வைத்து ஒவ்வொரு செக்கனும் எட்டிப் பார்க்க விடுங்கள். இன்னொன்று, பதில் சொல்கிறதா என்று காட்டும் அந்தப் பண்பு, விண்டோ இல்லாத புரொசஸுக்கு எப்போதும் ஆம் என்றே சொல்லும். அதை நம்பிப் பின்னணிப் புரொசஸ்களைப் பற்றி எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

பலவந்தமாக நிறுத்தியும் போகாத ஒன்று இருந்தது, ஸ்கானரின் மென்பொருள். பட்டியலில் இருக்கும், ஸ்டொப்-புரொசஸ் கொடுத்தாலும் இருக்கும். ஒரு புரொசஸ் யூஎஸ்பி சாதனத்திடம் ஏதோ கேட்டுவிட்டு டிரைவருக்குள் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தால், அந்தக் கோரிக்கை முடியும்வரை விண்டோஸால் அதை முழுதாக எடுக்க முடியாது. ஸ்கானரின் யூஎஸ்பி வயரைக் கழற்றினேன், கோரிக்கை தோற்றுப்போய், புரொசஸும் உடனே மறைந்தது. இதையும் ஒரு செய்தியாகவே கருவியில் எழுதிவிட்டேன்: "போகவில்லை என்றால் ஸ்கானர் வயரைக் கழற்றிப் பாருங்கள்". கணினியை அப்படியே பவர் பொத்தானால் அமத்துவதைவிட இது எவ்வளவோ மேல். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன காலத்தில், எழுதிக்கொண்டிருக்கும்போதே அணைந்த டிஸ்க்குகளை நான் போதும் போதும் என்கிற அளவுக்குப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது பொத்தான் பிரிண்டருக்கு. கடையில் இதைத்தான் இப்போது அதிகம் பாவிக்கிறார்கள். ஒரு பிரிண்ட் சிக்கினால் பின்னால் வருவதெல்லாம் வரிசையில் நிற்கும், ரத்துச் செய்தால் "டிலீட்டிங்" என்று காட்டியபடி அங்கேயே கிடக்கும். விண்டோஸ் ஒவ்வொரு பிரிண்டையும் சிஸ்டம் 32க்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்ற ஃபோல்டரில் இரண்டு ஃபைல்களாக வைக்கும், ஒன்றில் அச்சிட வேண்டியது, மற்றதில் அதன் விவரம். இந்த வரிசையைப் பார்த்துக்கொள்ளும் பிரிண்ட் ஸ்பூலர் சேவையை நிறுத்தி, அந்த ஃபோல்டருக்குள் இருப்பவற்றை மட்டும் அழித்து, சேவையைத் திரும்பத் தொடங்கினால் வரிசை வெறுமையாகிவிடும். சேவையை நிறுத்தாமல் அழிக்கப் போனால் ஃபைல் பாவனையில் உள்ளது என்று சொல்லும். நிர்வாகி உரிமை தேவை. அழிப்பதற்கு முன் எத்தனை பிரிண்ட் காத்திருக்கிறது, எந்த ஃபைல் என்று பெயரோடு காட்டும்படி வைத்தேன், யாருடைய பிரிண்டைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்று தம்பிக்குத் தெரிய வேண்டும்.

மூன்றாவது, குப்பை. தற்காலிக ஃபைல்கள் சேரும் டெம்ப் ஃபோல்டரில் ஒரு வாரத்துக்கு மேல் தொடாமல் கிடப்பவற்றை அழிக்கும், பாவனையில் உள்ளதை விட்டுவிடும். விண்டோஸின் பழைய அப்டேட் மிச்சங்களுக்கு விண்டோஸின் டிஸ்க் கிளீனப்பே போதும், அதற்கு நான் ஒன்றும் எழுதவில்லை. வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற ஃபோல்டர் பெரிதாகத் தெரிகிறதே என்று கையால் அழிக்கப் போகாதீர்கள். அதில் இருப்பதில் பெரும்பகுதி வேறு இடத்தில் இருக்கும் அதே ஃபைல்தான், ஒன்றை இரண்டு இடத்தில் எண்ணிக் காட்டுகிறது.

ஆனால் இந்தக் கணினியில் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவை வேறு. டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் ஸ்கான் ஃபோல்டரும். திறந்து பார்த்தபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டேன். வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பிரிண்ட் எடுத்த அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், கடவுச்சீட்டின் முதற்பக்கங்கள், வங்கிக் கூற்றுகள், பிள்ளைகளின் பாடசாலை விடுகைப் பத்திரங்கள், வைத்திய அறிக்கைகள். வருடக் கணக்கில் அந்த ஒழுங்கையில் உள்ளவர்களின் வாழ்க்கை முழுக்க அங்கே கிடந்தது, கடைக்கு வந்து ஒரு பென்டிரைவைச் செருகுகிற யாரும் கொப்பி எடுக்கலாம். அக்காவிடம் கதைத்தேன். அவர் வேண்டுமென்று வைத்திருந்தவர் இல்லை, யாரும் அழிக்கவில்லை, அவ்வளவுதான். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இங்கே இருக்கிறது என்பதைச் சொன்னேன். "சட்டம் இருக்கோ இல்லையோ தம்பி, எங்கட சனத்தின்ர சாமான், வைச்சிருக்கக் கூடாது" என்றார்.

அதன்படி விதி இது: டவுன்லோட்ஸிலும் ஸ்கானிலும் 7 நாள் கடந்தவை பட்டியலாக வரும், ஒரு பார்வை பார்த்துவிட்டு அழிக்கலாம், ரீசைக்கிள் பின்னுக்குப் போகாமல் நேரே அழியும். கலியாணக் காட், கல்வெட்டு ஃபோல்டர்களைக் கருவி தொடாது, ஆட்கள் திரும்பவும் பிரதி கேட்டு வருவார்கள். ஹார்ட் டிஸ்க்கில் அழித்ததை மீட்டெடுக்க முடியும் என்பதால், சைஃபர் கட்டளையைச் சாய்கோடு டபிள்யூ உடன் ஓட்டினேன். வெற்றிடம் முழுவதையும் முதலில் சுழியத்தாலும், அடுத்து 255 என்ற எண்ணாலும், கடைசியில் எழுந்தமான எண்களாலும் மூன்று தடவை நிரப்பும். மணிக்கணக்காக ஓடும், இரவில் விட்டுவிட்டுப் போக வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு கணினி வேகமாகிவிட்டதா என்றால், பின்னேரத்தில் நிற்பது குறைந்திருக்கிறது, ஆனால் 4 ஜிபியும் சுழலும் டிஸ்க்கும் அப்படியேதான் இருக்கின்றன. எந்த மூடும் கருவியும் அதை மாற்றாது. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் டிடிஆர்3 ரேமும் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டியும் விசாரித்து வைத்திருக்கிறேன். முதலில் எஸ்எஸ்டி, ரேம் பிறகு. டிஸ்க்கை அப்படியே குளோன் செய்து மாற்றினால் கருவியும் கூடவே வரும். ஆனால் எஸ்எஸ்டிக்கு வந்தபின் அந்த சைஃபர் கட்டளையை ஓட்டக் கூடாது. எஸ்எஸ்டியில் எங்கே எழுதுவது என்பதை அதன் கட்டுப்படுத்தியே தீர்மானிக்கும், மேலெழுதியதால் பழையது போனது என்று சொல்ல முடியாது, தேய்மானம்தான் மிச்சம். அங்கே பிட்லொக்கர் அல்லது வேறொரு டிஸ்க் குறியாக்கத்தை முதல் நாளே போட்டுவிட வேண்டும். விண்டோஸ் ஹோம் பதிப்பில் பிட்லொக்கரை இப்படிக் கையாள முடியாது, ஆகவே வெராகிரிப்ட் என்ற இலவசக் குறியாக்க மென்பொருளைப் பரிசோதித்துக்கொண்டிருக்கிறேன்.

அக்காவின் மகளின் மடிக்கணினிக்கும் இதைப் போட்டுத் தரச் சொல்லியிருக்கிறார். அதில் விண்டோஸ் 11, அவள் பாவிப்பது நிர்வாகி உரிமை இல்லாத கணக்கு, அதை அப்படியே வைத்திருப்பதுதான் நல்லது. அதனால் பிரிண்டர் பொத்தானை மட்டும் தனி ஸ்கிரிப்ட் ஆக்கி, டாஸ்க் ஷெடியூலரில் உயர் உரிமையோடு ஒரு வேலையாகப் பதிந்து, மற்றப் பொத்தான்கள் சாதாரண உரிமையில் ஓடும்படி பிரிக்க வேண்டும். ஸ்கிரிப்ட் ஃபைலை அவள் கணக்கால் திருத்த முடியாத இடத்தில், புரோகிராம் ஃபைல்ஸுக்குள் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உயர் உரிமையில் ஓடும் ஒன்றை யாரும் மாற்றி எழுதிவிடலாம். அது முடிந்ததும் அந்தப் பகுதியையும் எழுதுகிறேன்.